கையில் ஒட்டும் சர்க்கரை சென்சார்: ஒரு முறை வாங்கலாம், மறுமுறை வேண்டாம்

நீரிழிவு இல்லாதவர்களுக்கும் இப்போது விற்கப்படுகிற சர்க்கரை சென்சாரை, நாள் முழுவதும் நாற்காலியில் கிடக்கும் மாணவர் ஒருவர் வாங்கலாமா? ஒரு முறை வாங்கலாம் என்பது என் பதில். சாப்பிட்டு முடித்து எழுந்து மெல்ல நடந்தால் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கண்ணெதிரே காட்டுவதில் இதை மிஞ்ச வேறொன்று இல்லை. அதைப் பார்த்துவிட்ட பிறகு இதற்கு உங்களிடம் வேலை கிடையாது. விற்பவர்கள் சொல்வது நேர்மாறு: மாதாமாதம் புதிதாக ஒட்டிக்கொள்ளுங்கள், சந்தா கட்டுங்கள், கைப்பேசித் திரையில் ஏறி இறங்கும் சர்க்கரைக் கோட்டை வாழ்நாள் முழுவதும் பார்த்துக்கொண்டே இருங்கள்.

எந்த நிறுவனத்தின் கருவி என்று எழுதப்போவதில்லை. சந்தையில் உள்ளவை பெரும்பாலும் ஒரே தத்துவத்தில்தான் இயங்குகின்றன, குறைகளும் ஏறத்தாழ ஒன்றுதான். அமெரிக்காவில் மருந்துச் சீட்டு இல்லாமல் வாங்கக்கூடிய முதல் சென்சாருக்கு 2024 மார்ச்சில் அனுமதி கிடைத்தது. 18 வயது நிரம்பியவர்கள், இன்சுலின் போட்டுக்கொள்ளாதவர்கள் என்பது நிபந்தனை. அதற்குப் பிறகு ‘ஆரோக்கியமானவர்களுக்கும்’ என்ற விளம்பரம் இன்னும் சூடு பிடித்தது.

நான் புள்ளியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிற மாணவி. காலையில் நூலகத்தில் உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்கு எழுவேன், மறுபடி உட்கார்ந்தால் இருட்டிய பிறகு எழுவேன், அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டே படிப்பேன். கைப்பேசி காட்டும் அடிகளின் எண்ணிக்கை மூவாயிரத்தைத் தொட்டால் அது எனக்குத் திருவிழா நாள். அப்பாவுக்கு நீரிழிவு, அவருடைய அம்மாவுக்கும் நீரிழிவு. உடற்பயிற்சிக் கூடத்தின் பக்கம் தலைவைத்துப் படுக்கிற உத்தேசம் எனக்கு இல்லை. ஆகவே நான் கேட்ட கேள்வி குறுகலானது: வியர்க்காத, மூச்சு வாங்காத, செருப்புக் காலோடு செய்யக்கூடிய அளவுக்கு மென்மையான உடலசைவுக்குப் பலன் உண்டா? அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் கருவியாகத்தான் இதை எடைபோடுகிறேன்.

முதலில் ஒட்டுவதைப் பற்றி. மேற்கையின் பின்புறம் துடைத்துக் காயவிட்டு, குப்பி போன்ற பிளாஸ்டிக் உறையை வைத்து அழுத்தினால் ‘டக்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். ஊசி உள்ளே போய் வெளியே வந்துவிடும், தலைமுடியைவிடச் சற்றுத் தடித்த இழை ஒன்று மட்டும் தோலுக்கு அடியில் அரை சென்டிமீட்டர் ஆழத்தில் தங்கும். வலி இருக்கிறதா என்று கேட்கும் தோழிகளுக்கு: கொசு கடித்தால் இதைவிட வலிக்கும். தோள்பை மாட்டுகிறவர்கள் மட்டும் கவனமாக இருங்கள். என்னுடைய முதல் சென்சாரைப் பையின் பட்டை இழுத்துப் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. மாற்றுக் கருவி கேட்டு எழுதினேன். பிய்ந்துபோன சென்சாரின் வரிசை எண்ணைப் புகைப்படம் எடுத்து அனுப்பு, உறையின் வரிசை எண்ணை அனுப்பு, எப்படிப் பிய்ந்தது என்று விவரி என்று ஒரு விசாரணையே நடந்தது. கடைசியில் அனுப்பித்தான் வைத்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கருவி அளப்பது ரத்தத்தில் உள்ள சர்க்கரையை அல்ல. உயிரணுக்களுக்கு இடையே உள்ள திரவத்தில் கரைந்திருக்கும் குளுக்கோஸை அளக்கிறது. இழையின் மேல் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதி பூசப்பட்டிருக்கிறது. அது குளுக்கோஸோடு வினைபுரியும்போது உண்டாகும் நுண்ணிய மின்னோட்டத்தை எண்ணாக மாற்றிக் கைப்பேசிக்கு அனுப்புகிறது. ரத்தத்தில் ஏறிய சர்க்கரை அந்தத் திரவத்துக்கு வந்து சேரச் சில நிமிடங்கள் ஆகும். சர்க்கரை வேகமாக ஏறும்போதும் இறங்கும்போதும் திரையில் தெரிவது பத்து நிமிடம் பழைய செய்தியாக இருக்கலாம். துல்லியமும் சராசரியாக 8 முதல் 10 சதவீதம் முன்பின் இருக்கும். அதாவது திரை 100 (டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கில்) என்று காட்டினால் உண்மையில் 92 ஆகவும் இருக்கலாம், 108 ஆகவும் இருக்கலாம். முதல் நாள் எண்களை நம்பவே வேண்டாம். இழை குத்திய இடம் அமைதியாகும் வரை கோடு தாறுமாறாகத்தான் போகும்.

இரவில் இன்னொரு வேடிக்கை. சென்சார் இருக்கும் கையின் மேல் ஒருக்களித்துப் படுத்தால், அழுத்தத்தால் அந்த இடத்துத் திரவ ஓட்டம் குறைந்து, சர்க்கரை 60-க்குக் கீழே போய்விட்டதாகக் கருவி நம்பிவிடுகிறது. நடுநிசியில் அலறல். திரும்பிப் படுத்தால் கால் மணி நேரத்தில் தானாகச் சரியாகிவிடும். முதல் தடவை எழுந்து உட்கார்ந்து கைகால் நடுங்குகிறதா என்று பார்த்தேன், அடுத்த நாளே இரவு எச்சரிக்கையை நிறுத்திவிட்டேன். அதிக அளவில் வைட்டமின் சி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சில வகைச் சென்சார்கள் இல்லாத சர்க்கரையை இருப்பதாகக் காட்டும். பெட்டிக்குள் இருக்கும் தாளில் இது பொடி எழுத்தில் இருக்கிறது.

இவ்வளவு குறை சொல்லிவிட்டு இதை வாங்கலாம் என்கிறேனே, ஏன்? ஒரு கருவி எப்போதும் எட்டுப் புள்ளி கூட்டிக் காட்டினால், அதே கருவியில் எடுத்த இரண்டு அளவுகளை ஒப்பிடும்போது அந்தக் கூடுதல் கழிந்துபோகும். என் சர்க்கரை எவ்வளவு என்ற கேள்விக்கு இது சுமாரான விடைதான் தரும். உட்கார்ந்த நாளுக்கும் நடந்த நாளுக்கும் என்ன வித்தியாசம் என்ற கேள்விக்கு நல்ல விடை தரும். எனக்கு வேண்டியது இரண்டாவதுதான்.

அதற்காக மதியச் சாப்பாட்டை ஒரே மாதிரி வைத்துக்கொண்டேன். மாவுச்சத்து மிகுந்த ஒரே வகைச் சாப்பாடு, தராசில் நிறுத்த ஒரே அளவு, ஒரே நேரம். சாப்பிட்டு முடித்ததும் நாணயம் சுண்டுவேன். பூ விழுந்தால் நாற்காலி, தலை விழுந்தால் நடை. நாணயம் எதற்கு என்று கூட இருந்த தோழி சிரித்தாள். நாமே தேர்ந்தெடுத்தால், நன்றாகத் தூங்கி எழுந்து உற்சாகமாக இருக்கும் நாளில்தான் நடக்கத் தோன்றும். பிறகு நடையால் குறைந்ததா, தூக்கத்தால் குறைந்ததா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. இதைச் செய்யாமல் ‘நடந்தேன், குறைந்தது’ என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் என் கை அரிக்கிறது.

நடை என்றால் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். நூலகத்துக்கு வெளியே உள்ள நீண்ட நடைக்கூடத்தில், கைப்பேசியில் பேசிக்கொண்டே போகலாம் என்கிற வேகம். மணிக்கு மூன்று கிலோமீட்டர் இருக்கும், கால் மணி நேரம்.

உட்கார்ந்த நாட்களில் கோடு இப்படிப் போகும். சாப்பிட்டுக் கால் மணி நேரம் கழித்து ஏறத் தொடங்கும். முக்கால் மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் 155, 160 என்ற உச்சியைத் தொடும். அங்கே கொஞ்சம் தயங்கி நின்று, பிறகு சோம்பலாக இறங்கும். நடந்த நாட்களில் ஏற்றம் அதே இடத்தில்தான் தொடங்குகிறது, ஆனால் 120-ஐத் தாண்டியதும் கோடு மடங்குகிறது. 130-க்கு மேல் போன நாட்கள் அபூர்வம். நான் கவனித்த சுவாரசியமான விஷயம், நடை நின்ற பிறகு வருவது. நாற்காலியில் உட்கார்ந்து பத்துப் பதினைந்து நிமிடம் ஆனதும் கோடு மறுபடி கொஞ்சம் தலைதூக்கும். குடலில் இன்னும் செரிமானம் நடந்துகொண்டிருக்கிறது, கால் தசைகளோ கடையை மூடிவிட்டன. ஆனாலும் அந்த இரண்டாவது மேடு முதல் உச்சியின் உயரத்துக்கு வருவதே இல்லை.

நேரமும் முக்கியம். சாப்பிட்டு முடித்த கால் மணி நேரத்துக்குள் கிளம்பினால்தான் உச்சி வெட்டுப்படுகிறது. இரண்டு மணி நேரம் கழித்து நடந்தால் அது நல்ல காற்று வாங்கல், அவ்வளவுதான். உச்சி ஏற்கெனவே வந்து போயிருக்கும்.

இதன் காரணம் தசையில் இருக்கிறது. தசை உயிரணுவின் உள்ளே குளூட்-4 என்ற புரதம் சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. அது உயிரணுவின் மேற்பரப்புக்கு வந்தால்தான் குளுக்கோஸ் கணிசமாக உள்ளே போக முடியும். அதை மேலே வரவழைக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, இன்சுலினின் ஆணை. இன்னொன்று, தசை சுருங்குவது. இரண்டாவது வழிக்கு இன்சுலினின் தயவு தேவையில்லை. இன்சுலினுக்குத் தசை சரியாகப் பணியாதவர்களிடம்கூட இந்த வழி பெரும்பாலும் பழுதில்லாமல் இருக்கிறது. இன்சுலின் நிறைய இருக்கும்போது உடலில் திசுக்கள் எடுத்துக்கொள்ளும் குளுக்கோஸில் ஏறக்குறைய 80 சதவீதம் எலும்புத் தசைகளுக்குத்தான் போகிறது. அந்தத் தசைகளில் பெரியவை தொடையிலும் புட்டத்திலும் காலிலும் இருக்கின்றன. நாம் அவற்றின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறோம்.

என் ஒருத்தியின் கோடுகளை நம்பி யாரும் எதையும் முடிவு செய்ய வேண்டாம். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் டேவிட் டன்ஸ்டன் குழுவினர் 2012-ல் வெளியிட்ட ஆய்வில், உடல் பருமனானவர்களை மணிக்கணக்கில் உட்காரவைத்து, 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டே நிமிடம் மெதுவாக நடக்கவைத்தார்கள். வேகம் மணிக்கு 3.2 கிலோமீட்டர். தொடர்ந்து உட்கார்ந்த நாளோடு ஒப்பிட்டால், குளுக்கோஸ் பானம் குடித்த பிறகு ஏற்படும் சர்க்கரை ஏற்றம் சுமார் 24 சதவீதம் குறைந்தது, இன்சுலினும் அதே அளவுக்குக் குறைந்தது. கொஞ்சம் வேகமாக நடந்தபோது சர்க்கரை ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. மெதுவுக்கும் வேகத்துக்கும் நடுவே அவ்வளவுதான் இடைவெளி! என்னைப் போன்ற சோம்பேறிகள் சட்டம் போட்டு மாட்டிவைக்க வேண்டிய எண்கள் இவை. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் 2016-ல் வந்த ஆய்வு இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களிடம் செய்யப்பட்டது. ஒரு நாளில் எப்போதாவது 30 நிமிடம் நடங்கள் என்பதைவிட, ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் 10 நிமிடம் நடங்கள் என்ற அறிவுரை, சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரையை 12 சதவீதம் கூடுதலாகக் குறைத்தது. இரவு உணவுக்குப் பிறகு அந்த வித்தியாசம் 22 சதவீதம்.

இவர்களெல்லாம் நடுத்தர வயதினர், பருமனானவர்கள், நோயாளிகள்; இருபதுகளில் இருக்கும் மாணவர்களுக்கு இது எப்படிப் பொருந்தும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்கு விடை எதிர்த்திசையிலிருந்து வருகிறது. கோபன்ஹேகனில் 2010-ல் ஆரோக்கியமான இளைஞர்கள் பத்துப் பேரை எடுத்துக்கொண்டு, நாளுக்குப் பத்தாயிரத்துச் சொச்சம் அடிகள் நடந்துகொண்டிருந்தவர்களை ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சமாகக் குறைக்கச் சொன்னார்கள். லிஃப்டில் போ, காரில் போ, நடக்காதே. இரண்டே வாரத்தில் அவர்களின் உடல் இன்சுலினுக்குப் பணியும் திறன் சுமார் 17 சதவீதம் சரிந்தது. தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரங்களில் எந்த விடுதியிலும் இதே சோதனை ஒப்புதல் படிவம் இல்லாமல் நடந்துகொண்டிருக்கிறது.

நிற்பதை முயன்று பார்த்தேன். புத்தக அலமாரியின் மேல் மடிக்கணினியை வைத்துக்கொண்டு சாப்பாட்டுக்குப் பிறகு நின்றபடி வேலை செய்தால் உச்சி கொஞ்சம் தாழ்ந்தது, நடைக்குக் கிட்டவும் வரவில்லை. அயர்லாந்தின் லிமெரிக் பல்கலைக்கழகக் குழு 2022-ல் ஏழு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததிலும் இதே வரிசைதான். உட்காருவதோடு ஒப்பிட்டால் அவ்வப்போது எழுந்து நிற்பது சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரையை ஒன்பதரை சதவீதம் குறைக்கிறது, மெதுவான நடை 17 சதவீதம் குறைக்கிறது. அந்தத் தொகுப்பில் இன்னொரு வரி எனக்கு முக்கியமாகப் பட்டது. நடை இன்சுலினையும் குறைத்தது, நிற்பது அப்படிக் குறைத்ததாகத் தெரியவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருகிறேன்.

உட்கார்ந்தபடியே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கும் பயிற்சியும் பிரபலமாகிவிட்டது. ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் மார்க் ஹாமில்டன் 2022-ல் வெளியிட்ட ஆய்வில், கெண்டைக்காலின் ஆழத்தில் உள்ள சோலியஸ் என்ற தசையை இப்படி இயக்கினால் குளுக்கோஸ் பானத்துக்குப் பிந்தைய சர்க்கரை ஏற்றம் 52 சதவீதம் குறைந்ததாக எண்கள் வந்தன. அங்கே தசையின் மின்சமிக்ஞையைப் பார்த்துப் பார்த்துச் சரியான முறையைப் பழக்கினார்கள், மணிக்கணக்கில் செய்யவைத்தார்கள், பங்கேற்றவர்களும் கொஞ்சம் பேர்தான். மேசைக்கு அடியில் நான் செய்தபோது கோட்டில் மாற்றம் இருந்தது, ஆனால் கருவியின் பிழை அளவுக்குள் அடங்குகிற மாற்றம். எதிரே உட்கார்ந்திருந்தவர் மேசை ஆடுகிறது என்று முறைத்தார். விட்டுவிட்டேன்.

ஒரு நாள் காலையில், வெறும் வயிற்றோடு நான்கு மாடிப் படிகளை மேலும் கீழுமாக மூச்சிரைக்க ஓடிப் பார்த்தேன். சர்க்கரை குறையவில்லை, ஏறியது! 90-களில் இருந்தது 115-ஐத் தாண்டியது. கடுமையாக முயலும்போது அட்ரினலின் சுரந்து, கல்லீரல் தன் கையிருப்பில் உள்ள கிளைகோஜனை உடைத்துக் குளுக்கோஸாக ரத்தத்தில் இறக்குகிறது. தசை எடுப்பதைவிடக் கல்லீரல் கொட்டுவது அந்த நேரத்துக்கு அதிகம். இது நோயின் அடையாளம் அல்ல, உடம்பு தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது என்றுதான் பொருள். நெறியாளர் குழு முன் ஆய்வு முன்னேற்றத்தைச் சொல்லப் போன நாளிலும், ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் கோடு மேலே போனது. மெதுவான நடையில் இந்தக் கலவரம் எதுவும் இல்லை என்பது அதன் இன்னொரு சௌகரியம்.

இங்கேதான் சென்சாரோடு வரும் கைப்பேசிச் செயலியின் மேல் எனக்குக் கோபம். படிக்கட்டு ஓட்டம் முடிந்ததும் திரையில் ஆரஞ்சு நிறப் பட்டை. ‘சர்க்கரை ஏற்றம் கண்டறியப்பட்டது. என்ன சாப்பிட்டீர்கள்?’ ஒன்றும் சாப்பிடவில்லை என்று சொல்ல அதில் பொத்தானே கிடையாது. சாப்பாட்டின் பெயரைத் தட்டினால்தான் பட்டை போகும். நடைக்கூடத்தில் நடந்ததையோ அது கண்டுகொள்ளவே இல்லை. பத்து நிமிடத்துக்கு மேல், குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் போனால்தான் அதன் அகராதியில் அது உடற்பயிற்சி. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், குறைந்தது பத்து நிமிடமாவது தொடர்ந்து செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையைக் கைவிட்டு, ஒவ்வொரு அசைவும் கணக்கில் உண்டு என்று எழுதிவிட்டது. செயலியை எழுதியவர்களுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை போலிருக்கிறது.

நாள் முடிவில் நூற்றுக்கு இத்தனை என்று ஒரு மதிப்பெண்ணும் வரும். 140-ஐத் தாண்டினால் மதிப்பெண் குறையும். நீரிழிவு இல்லாத ஆரோக்கியமானவர்களிடம் சென்சார் வைத்துப் பார்த்த ஆய்வுகளில், அவர்கள் நாளின் 96 சதவீத நேரத்தை 70-க்கும் 140-க்கும் இடையில் கழிக்கிறார்கள். மீதி நேரத்தில் பெரும்பகுதி 140-க்கு மேல்தான். அதாவது அவ்வப்போது 140-ஐத் தாண்டுவது இயல்பு. செயலி அதைக் குற்றமாக எழுதுகிறது. மதிப்பெண்ணுக்காகவே வளர்க்கப்பட்ட மாணவர் கூட்டத்திடம் இப்படி ஒன்றைக் கொடுத்தால் என்ன ஆகும்? என் தோழி ஒருத்தி ஒரு வாரம் இதை ஒட்டிக்கொண்டு, கோடு தட்டையாக இருக்க வேண்டும் என்பதற்காக மதியச் சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்துவிட்டாள். அவளுக்குச் சர்க்கரையில் ஒரு குறையும் இருந்ததில்லை. உணவோடு ஏற்கெனவே சண்டை போட்டுக்கொண்டிருப்பவர்கள் இந்தக் கருவியின் பக்கமே வரக்கூடாது. சென்சாருக்கு ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தருவேன், செயலிக்கு ஒன்று.

இதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. அதைச் சுட்டிக்காட்டியது என் அக்கா. அவள் செவிலியர். தட்டையான கோடுகளை அவளுக்கு அனுப்பி, “பார் அக்கா, நான் நன்றாகத்தான் இருக்கிறேன்” என்று எழுதியிருந்தேன். உடனே அழைத்தாள்.

“சர்க்கரை 90 என்கிறாய். அதை 90-ல் பிடித்து வைக்க உன் கணையம் எவ்வளவு இன்சுலின் செலவழிக்கிறது என்று அந்தச் சென்சார் சொல்லுமா?”

“சொல்லாது அக்கா.”

“அப்படியானால் வெறும் வயிற்றில் போய் இன்சுலின் பரிசோதனை செய்துவிட்டுப் பேசு.”

போனேன். வெறும் வயிற்றில் சர்க்கரை டெசிலிட்டருக்கு 91 மில்லிகிராம். அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் கணக்கில் 100-க்குக் கீழே இருந்தால் இயல்பு, 100 முதல் 125 வரை முன்நீரிழிவு. ஆக, சர்க்கரையில் நான் தேறிவிட்டேன். இன்சுலின் மில்லிலிட்டருக்கு 17 மைக்ரோயூனிட். சர்க்கரையையும் இன்சுலினையும் பெருக்கி 405-ஆல் வகுத்தால் ஹோமா என்ற குறியீடு கிடைக்கும்; அது கூடக் கூட, உடல் இன்சுலினுக்குப் பணிவது குறைவு என்று பொருள். ஆக்ஸ்போர்டில் 1985-ல் உருவாக்கிய கணக்கு அது. எனக்கு 3.8 வந்தது. இதற்கு உலகம் முழுவதும் ஒத்துக்கொண்ட எல்லைக்கோடு என்று ஒன்று இல்லை, ஆய்வகத்துக்கு ஆய்வகம் இன்சுலின் அளவு மாறும். ஆனால் எந்த வரையறையை எடுத்தாலும் 3.8 என்பது இருபதுகளில் இருப்பவர் மார்தட்டிக்கொள்ளும் எண் அல்ல.

உட்கார்ந்தே இருக்கும் இளைஞர்களின் கதை பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. தசை இன்சுலினுக்குச் செவிசாய்ப்பது மெல்ல மெல்லக் குறையும். கணையம் இளமையாக இருப்பதால் இரண்டு பங்கு சுரந்து சமாளித்துவிடும். சர்க்கரை இம்மியும் ஏறாது. அது ஏறத் தொடங்கும்போது கணையம் களைத்துப்போயிருக்கும், அதற்குள் பல ஆண்டுகள் ஓடியிருக்கும். கடன் வாங்கியே குடித்தனம் நடத்துகிற வீட்டில் கடன் கணக்கைப் பார்க்காமல் கல்லாப்பெட்டியை மட்டும் எண்ணிப் பார்ப்பதுதான் சென்சார் செய்கிற வேலை.

இன்சுலினையும் இதே போலத் தோலில் ஒட்டி அளந்துவிடலாமே என்றால், அது எளிதல்ல. மூலக்கூறுகளின் எண்ணிக்கையில் பார்த்தால், வெறும் வயிற்றில் ஓர் இன்சுலின் இருக்கும் இடத்தில் குளுக்கோஸ் கோடிக்கணக்கில் இருக்கும். அதனால் இன்சுலினுக்கு இன்னும் ஆய்வகத்துக்குப் போய் ரத்தம் கொடுக்கத்தான் வேண்டும்.

இப்போது லிமெரிக் தொகுப்பின் அந்த வரிக்கு வருகிறேன். மெதுவான நடை சர்க்கரையையும் குறைக்கிறது, இன்சுலினையும் குறைக்கிறது என்றால், கணையத்தின் தோளிலிருந்து வேலையை வாங்கித் தசை தானே செய்துகொள்கிறது என்று பொருள். நின்றபோது என் கோடு தாழ்ந்ததற்குப் பின்னால் இன்சுலின் குறைந்ததா இல்லையா என்று சென்சார் சொல்லாது. அந்தக் கோட்டை மட்டும் பார்த்துப் பெருமைப்படுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பயிற்சியின் பலன் அந்தக் கால் மணி நேரத்தோடு முடிவதும் இல்லை. உடற்பயிற்சிக்குப் பிறகு தசை இன்சுலினுக்குக் கூடுதலாகப் பணிவது ஒரு நாள், இரண்டு நாள் வரைகூட நீடிக்கும். பயிற்சி கடுமையாக இருந்தால் இந்த நீட்சி அதிகம், மெல்லிய நடைக்குக் குறைவு. ஆகவே மெல்லிய நடையைத் தேர்ந்தெடுத்தவர்கள் விட்டுவிட்டுச் செய்வதில் பிரயோசனம் இல்லை, சாப்பிடும் போதெல்லாம் நடக்க வேண்டும்.

ஒரு படிப்புப் பருவம் முழுவதும் சாப்பாட்டுக்குப் பிந்தைய நடையைப் பழக்கமாக்கிக்கொண்டு, அதே ஆய்வகத்தில் மறுபடி ரத்தம் கொடுத்தேன். சர்க்கரை 89, இன்சுலின் 12. ஹோமா 2.6. எடை மாறவில்லை, சாப்பாடும் மாறவில்லை. நடையால்தான் குறைந்தது என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. ஆனால் வெறும் வயிற்று இன்சுலின் ஒரே ஆளிடம் நாளுக்கு நாள் நன்றாகவே மாறும். இரண்டு புள்ளிகளை வைத்துக் கோடு போட்டுக் காட்டும் இளங்கலை மாணவரின் விடைத்தாளில் நானே சிவப்பு மையைச் செலவழித்திருப்பேன். சர்க்கரை 91-லிருந்து 89 ஆனதில் யாருக்கும் எந்தச் செய்தியும் இல்லை, செய்தி இருந்தால் அது 17-க்கும் 12-க்கும் நடுவில்தான் இருக்கிறது என்பது வரை மட்டும் சொல்வேன்.

வாங்குவதென்றால் ஒரே ஒரு சென்சார் வாங்குங்கள். பத்து முதல் பதினைந்து நாள் உழைக்கும், அது போதும். முதல் நாளைக் கழித்துவிடுங்கள், எச்சரிக்கைகளை அணைத்துவிடுங்கள், நாள் மதிப்பெண் வரும் பக்கத்தைத் திறக்காதீர்கள். ஒரே சாப்பாட்டை வைத்துக்கொண்டு நாணயம் சுண்டுங்கள். சந்தாவுக்குப் போகும் பணத்தை வெறும் வயிற்று இன்சுலின் பரிசோதனைக்கு வைத்துக்கொண்டு, முடிவை மருத்துவரிடம் காட்டிப் பேசுங்கள். இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கும், கணையத்தைத் தூண்டிச் சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் நான் எழுதிய எதுவும் பொருந்தாது. அவர்களுக்கு நடையின்போது சர்க்கரை உண்மையிலேயே ஆபத்தான அளவுக்கு இறங்கலாம், சென்சாரும் அவர்களுக்கு உயிர் காக்கும் கருவி.

கழற்றும்போது பசை விடாப்பிடியாக இருக்கும். ஓரத்தில் எண்ணெய் தடவிச் சற்று நேரம் ஊறவிட்டால் தோல் சிவக்காமல் வந்துவிடும். ஒட்டப் பயன்படுத்திய உறையின் உள்ளே ஊசி இருக்கிறது, அதைச் சாதாரணக் குப்பையில் போடக்கூடாது, ஊசிக் கழிவுக்கான கெட்டியான டப்பாவில்தான் போட வேண்டும். முடி அளவு இழை ஒன்றை உள்ளே வைக்கக் கைப்பிடி அளவு பிளாஸ்டிக் எதற்கு, அதைத் திரும்பப் பெற்றுக்கொள்வீர்களா என்று நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டேன். அடுத்த சென்சாருக்குத் தள்ளுபடி தருவதாகப் பதில் வந்தது.